பச்சை விளக்கு எரிந்த அறை

அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மெஷின் ரூமிலிருந்து, மெஷின்களை வாடகைக்கு ஓட்டித் தரும் ஒரு கிளவுட் கம்பெனிக்கு, பொது இன்டர்நெட்டில் கலக்காத தனி லைன் இழுத்தோம். அதில் இரண்டு இழை: ஒன்று பேச, ஒன்று கேட்க. நான் மாற்றிச் செருகிவிட்டேன். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருந்தன, எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து எஞ்சினியர் போனில் சிரித்தார்: "ரெண்டையும் மாத்திச் செருகுங்க சார்." செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மேனேஜர் தோளைத் தட்டினார். "சூப்பர்ப்பா! இனிமே எல்லாம் அங்கயே ஓடும். இந்த ரூமைக் காலி பண்ணிடலாம்."

அந்த ரூமைப் பார்த்துக்கொள்ளத்தான் நான். என் சீட்டை நானே கிழித்துக்கொண்டேன், பார்த்தாயா? வெளியே வேலை விசாரித்தேன், எங்கும் இதே கதைதான். அப்பாவிடம் மாற்றல் என்று மட்டும் சொல்.

காலையில் மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். இத்தனை வருஷம் காதைத் துளைத்த இரைச்சல் நின்றதும் இங்கே உட்கார முடியவில்லை. நான் போன் பண்ணினால் நீ உடனே மிக்ஸியை நிறுத்திவிடுகிறாய். இனி நிறுத்தாதே அம்மா, ஓடட்டும். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரூம் சாவி வாங்க ஆள் வந்துவிட்டார்.

உன் மகன்