பன்னிரண்டாம் பாகம்

சிட்லபாக்கம், சனிக்கிழமை

அன்பு மகள் நிலோஃபருக்கு அம்மாவின் சலாம். பொருள் தெரியாமல் அரபியில் ஓதுவது இறந்தவருக்குச் சேருமா, பொருள் தெரிந்து தமிழில் வாசிப்பது சேருமா? எனக்கு விடை தெரியவில்லை, மஸ்கட்டில் இருக்கும் உன்னிடம் கேட்கிறேன். இங்கே நாங்கள் சுகம், உன் அத்தாவுக்கு முழங்கால் வலிதான், ஆனாலும் ஏரியைச் சுற்றி நடப்பதை விடமாட்டேன் என்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடு.

எதிர்வீட்டு மைமூன் அக்கா இறந்து நாளையோடு நாற்பது நாள், கத்தம் ஓதுகிறார்கள், குர்ஆனின் முப்பது பாகங்களையும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அக்காவைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் மருமகள் ஸ்நேகா. நிக்காஹ்வில் ஆயிஷா என்று பெயர் வைத்தும் தெருவுக்கு அவள் இன்னும் ஸ்நேகாதான். மீதமிருந்த பன்னிரண்டாம் பாகத்தை அவள் கேட்டாள், அரபி இன்னும் எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான், தமிழில் படிக்கிறேன் என்றாள். பாகங்களைப் பிரித்துக்கொடுத்த பல்கீஸ் மாமி, “இன்னாம்மா, கத்தம்னா அரபிதான். நீ பிரியாணியப் பாரு, அதுவும் நன்மைதான்” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்நேகா சிரிக்கவில்லை. “அப்போ என் மாமியாருக்கு நான் ஓதினதா ஒண்ணுமே இருக்காதா?” என்றாள். அந்தப் பாகத்தையும் பல்கீஸ் மாமியே எடுத்துக்கொண்டார். எம்.ஏ. படித்த நான் என் பதின்மூன்றாம் பாகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அரபியில் எனக்கும் சிறுவயதில் கற்ற உச்சரிப்புதானே தெரியும், பொருள் தெரியாதே. உன் அலுவலகத்து அரபிகளுக்கு ஓதும்போதே எல்லாம் புரிகிறதா, அவர்களுக்கும் பாதிதான் புரிகிறதா? கேட்டு எழுது.

அல்லாஹ் உனக்கு உடல் நலமும் மன நிம்மதியும் தரட்டும். விசா புதுப்பிக்கும் தேதியை மறக்காதே.

உன் அம்மா,
ஜுபைதா

ஞாயிறு மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று நாங்கள் கூடத்தில் ஓதிக்கொண்டிருக்க, ஸ்நேகா சமையலறை வாசலில் உட்கார்ந்து பன்னிரண்டாம் பாகத்தைத் தமிழில் தனக்குத்தானே வாசித்தாள். ஒவ்வொருவராக முடிக்க முடிக்க அவள் குரல் மட்டும் கேட்டது. யூசுஃப் நபி இன்னும் சிறையில் இருக்கும்போதே பாகம் முடிந்தது, புத்தகத்தை மூடினாள். பல்கீஸ் மாமி, “அங்கயே நிறுத்தினா எப்படி? அவர வெளிய வுடும்மா” என்றார். அடுத்த பாகம் என்னுடையது, அப்போதுதான் ஓதி முடித்திருந்தேன். கதை எனக்குத் தெரியும், அவர் விடுதலையாகும் வரியை எந்தப் பக்கத்தில் கடந்தேன் என்பது தெரியாது. படி என்று ஸ்நேகாவிடம் சொன்னேன். பிரிந்திருந்த தகப்பனும் மகனும் சேரும்வரை படித்தாள்.

முப்பதும் முடிந்ததா என்று திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களோடு இருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டார். பல்கீஸ் மாமி கதை கேட்டதில் தன் பன்னிரண்டாம் பாகத்தைத் திறக்கவே இல்லை. மடியில் இருந்த அதைப் பார்த்தார், ஸ்நேகாவைப் பார்த்தார். “முடிஞ்சிடுச்சு ஹஜ்ரத்” என்றார். அக்காவுக்கான துஆ தொடங்கியது.