கோயில் மணியும் பின்னக் கணக்கும்

அன்புள்ள என் வீட்டு எஜமானியம்மாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தப் புதுப் பள்ளிக்கு இன்னும் மணி இல்லை; பாடவேளைக்கும் பக்கத்து மாதா கோயில் மணிதான். நேற்று ரொட்டியை எட்டாக வெட்டிப் பின்னம் நடத்தினேன். பையன்களுக்குப் பிடிபடும் நேரத்தில் கோயில் உபதேசியார் பாடவேளை முடிந்ததென்று மணியை நிதானமாக அடித்தார். சாவுக்குத்தான் அப்படி அடிப்பது வழக்கம்; துக்க மணி என்று ஊரே ஓடிவந்தது.

“யாரு சாமி போயிட்டாங்க?”

“மூணாவது பீரியடுதான் போச்சு,” என்றார் பள்ளியை நடத்தும் பங்குச்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூச்சலில் பையன்கள் என் பின்னத்தைத் தின்றுவிட்டார்கள். எனக்கு எரிச்சல் தாளவில்லை. பள்ளிக்கென்று தனி மணி கேட்டால், “முதல்ல கூரை, மாஸ்டர்,” என்கிறார் சாமி.

நீ என்னைச் சாப்பிடக் கூப்பிட அடிக்கும் கைமணியை உடனே அனுப்பு. வகுப்பில் அது அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும், பரவாயில்லை.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மாஸ்டர்