பட்டத்து யானைக்கு ஒரு குடம் கள் வேண்டி விடுத்த ஓலை

மழை பொய்யாதொழிக! மன்னர் நீடு வாழ்க! பனையும் தென்னையும் ஓங்கிய ஏழிற்காட்டு நாட்டை ஆளும் வேளிர்கோன் இளங்கீரனார் திருமுன், வெண்மதில் நாட்டுத் தலைமை அமைச்சர் பெருஞ்சேந்தனார் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

எங்கள் மன்னரின் பாட்டனார் காலத்தில், வாயிற்காவலர் மயங்கிக் கிடக்க, பகைவர் கோட்டைக்குள் புகுந்து, சமைத்து வைத்த விருந்தையும் உண்டு போனதால் முதல் மதுவிலக்கு பிறந்தது. மருந்தாயின் அருந்தலாம் என்றார்கள்; மறுநாளே நாடு முழுதும் வயிற்றுவலி. தந்தையார் மருந்தை மறுத்துத் திருவிழாவுக்கு மட்டும் இசைந்தார். தெருவுக்கொரு தெய்வம் தோன்றி நாள்தோறும் தேர் ஓடிற்று. இவை கண்டு கொதித்த பெருஞ்சேந்தனார்தாம் மூன்றாண்டு முன்பு ஓட்டையற்ற சட்டம் எழுதினார்: மனிதராய்ப் பிறந்தோர் எவர் ஒரு துளி குடித்தாலும், தலை மழித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஊர்வலம். தாங்கள் அன்பாய் அனுப்பிய நூறு குடங்களையும் எல்லையில் தம் கையாலேயே உடைத்தார். அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது வந்துள்ள இக்கட்டைக் கேட்டருள்க. வரும் முழுநிலவில் இளவரசியாரை மணக்க வருபவருக்கு, குன்றேறி என்னும் எங்கள் பட்டத்து யானை வாயிலில் மண்டியிட்டு மாலை சூட்டவேண்டும். தவறினால் மணமில்லை என்பது மணமகன் வீட்டாரின் குலவழக்கம். குன்றேறியோ காலைதோறும் ஒரு குடம் கள் குடித்து வளர்ந்தது. கள் நின்ற நாள்முதல் எவருக்கும் மண்டியிடுவதில்லை. வெல்லம் காட்டிக் கெஞ்சிய அமைச்சருக்கு முதுகைக் காட்டிற்று. இளவரசியார் அழுது கண் வீங்கியிருக்கிறார். அவரைத் தோளில் தூக்கி வளர்த்த அமைச்சருக்கு அது தாங்கவில்லை.

யானை மனிதரன்று, குடிக்கலாம் என்று மன்னர் தீர்ப்பளித்தார். ஆனால் நஞ்சுக்கு அஞ்சி, ஒருவர் முதலில் ஒரு மிடறு குடித்துக் காட்டிய பின்னரே துதிக்கை நீட்டுமாறு அது பழக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே ஒருமுறை கழுதை ஏறிய பாகன் பூதன், இன்னொருமுறை ஏறினால் பெண்டாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள் என்று கைகூப்பி விலகிவிட்டான். சட்டத்தை எழுதியவரே குடித்துக் காட்டட்டும் என்று மன்னர் சிரிக்காமல் பணித்தார். சட்டத்தில் ஓட்டை தேடி இரு நாள் உட்கார்ந்தும் அமைச்சருக்கு ஒன்றும் கிட்டவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்.

ஆகவே, உடைத்த நூறையும் பொறுத்து, நன்கு புளித்த கள் ஒரு குடம் அனுப்பியருள்க. எல்லைக் காவலர் இவ்விலச்சினை கண்டு அக்குடத்தை உடைக்காது விடுக, இது ஆணை.

குடத்தோடு ஒரு கழுதையும் வேண்டும். எங்கள் நாட்டுக் கழுதைகள் மூன்றாண்டாய் ஓய்வின்றி உழைத்து நடை தளர்ந்துவிட்டன. அமைச்சர் சற்றுப் பருத்த உடலினர். வலுவுள்ளதாய்ப் பார்த்து அனுப்புக.

மதில் இலச்சினை பொறித்து, குடுமி உள்ளபோதே தலை வணங்கி விடுத்தது.