எலுமிச்சை வாங்கப் போனவள்

அத்தை,

குளித்தேன், காபி குடித்தேன், கிளம்பிவிட்டேன். மீனையும் கேரட்டையும் பட்டர் பேப்பரில் உங்கள் மகள் மடிக்கிற மாதிரியே பொட்டலமாக மடித்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஓவனில் இருபது நிமிடம் போதும். பாதியில் பிரிக்க வேண்டாம்.

மாலை அவள் ஆபீஸ் தோழிகள் வருவார்கள். "அவரை நல்லாப் பாத்துக்கம்மான்னு சொல்லிட்டுத்தான் போனா" என்று அவர்களிடமும் ஆரம்பிக்காதீர்கள். நேற்று அதைக் கேட்டுத்தான் சாப்பாட்டிலிருந்து எழுந்தேன். அவள் போன அன்று நீங்கள் இங்கே இல்லை.

சாவி மீட்டர் பெட்டி மேல்.

பி.கு. லாரியில் அடிபடுவதற்கு முன், பொட்டலம் ஓவனில் இருக்க, செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கடைசியாகச் சொன்னது:

"எலுமிச்சம்பழத்துக்கும் நான்தான் ஓடணும். வர்றதுக்குள்ள பொட்டலத்தப் பிரிச்சே, உனக்கு வெறும் கேரட்டுதான்."