அகலப் பாதம்

வெள்ளி, 7 நவம்பர்

மழை. ட்ராமில் இடமில்லை, வீடு வரை நின்றபடி. குதிகாலில் உயிர் போகிறது. இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரித் தரை துடைத்த கால்.

நாளை மகன் கவினின் பெட்டை, அவன் கட்ட நினைக்கிறவள், ஷாஃப்ஹவுசனிலிருந்து வருகிறாள். பெயர் அபிரா. பள்ளிக்கூடத்தில் லத்தீனும் ஸ்பானிஷும் படிப்பிக்கிறாளாம். யாருக்கு உதவும்?

வாங்க: ரவை, கஜு, காலுக்குப் பூசும் கிறீம்.

விசாரித்தாயிற்று. போன கிழமை திரிம்பாக் கோயிலில் ராணி அக்கா காதில் போட்டார்: "அவளின்ரை அப்பப்பா ஊரிலை அரசாங்கக் கச்சேரிக் கந்தோரிலை பியோன்." கவினிடம் மூச்சு விடவில்லை. அவள் வாயாலேயே வரட்டும்.

என் அப்பா கிளாக்கர். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கொப்பியிலும் அப்படியே இருக்கட்டும்.

சனி, 8 நவம்பர்

வந்தாள். பச்சை ஸ்வெட்டர், கையில் பூ. நல்ல பிள்ளை மாதிரித்தான். அதுவே எனக்கு ஆத்திரம்.

ரீ கொடுத்துவிட்டு, அப்பப்பா என்ன வேலை என்று கேட்டேன். பியோன் என்றாள், கூசாமல். மேலே ஒரு பாடம் வேறு. ஸ்பானிஷில் பெயோன் என்றால் கூலியாள். அதற்கும் முந்தி லத்தீனில் பெதோ: அகலப் பாதக்காரன், நடந்துபோய்ச் சண்டை பிடிக்கிறவன். பாதம் என்ற சொல்லில் பிறந்ததாம். "எங்கடை காலாள் மாதிரித்தான், ஆன்ரி."

அவள் காலைப் பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"அதுதானே பாத்தன். பரம்பரைக் கால். இந்தக் காலை என்ரை வீட்டுக்குள்ளை இனி வைக்க விடமாட்டன்."

என் அப்பா கிளாக்கர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கவினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ரீயை முழுவதும் குடித்தாள், கப்பைத் தானே கழுவி வைத்தாள், போய்விட்டாள். பின்னாலேயே கவினும்.

வென்றேன். ரவா லட்டு மிச்சம் பதினாறு.

ஞாயிறு, 9 நவம்பர்

குளிர். கவின் போன் எடுக்கவில்லை. லட்டு நான்கு தின்றேன்.

புதன், 12 நவம்பர்

கவின் உடுப்பு எடுக்க வந்தான். சப்பாத்தைக் கழற்றவில்லை. டிசம்பரில் கல்யாண எழுத்தாம், பதிவுக் கந்தோரில். நான் வரத் தேவையில்லையாம். பியோனின் பேத்தியையா கட்டப் போகிறாய் என்று கேட்டேன்.

ஒரு பழைய படத்தை மேசையில் வைத்தான்.

"இது அவளின்ரை அப்பப்பா. பக்கத்திலை அதே பியோன் காக்கி உடுப்போடை நிக்கிறது என்ரை அம்மப்பா, உங்கடை அப்பா. அவளுக்கு முதலே தெரியும். நீங்கள் வெக்கப்படுவியள் எண்டுதான் அண்டைக்கு வாய் திறக்கேல்லை."

போய்விட்டான்.

அப்பாவேதான். வெறுங்கால். அகலம்.

நாளை ஆறு மணிக்கு வேலை. சப்பாத்து இன்னும் ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும்.