குறட்டில் என் பாதி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அங்கே நீங்கள் மூவரும் நலம் என்று உன் அம்மா சொன்னாள். இங்கே உன் அத்தைக்கு முட்டிவலி தேவலை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் ஆகிவிட்டது. முப்பது வருஷச் சிநேகிதன் என்னை ஏமாற்றிவிட்டான்.

கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, நானும் நம் தையல்காரனும் சனிக்கிழமைதோறும் இரும்படிக்கும் வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். டிப்போவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. நடத்துவது ஒரு பெண், பட்டறையம்மா என்போம். என் முதல் ஆணியைப் பார்த்து அந்த அம்மா அசந்துபோய் ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. அப்படிப்பட்ட கை எனக்கு.

ஆணியில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறிக் குறடு வரைக்கும் வந்தோம். சுட்ட இரும்பைப் பிடிக்கிற குறடு. அதற்கு இரண்டு பாதி, இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கவேண்டும். அங்கே வழக்கம் என்னவென்றால், இரண்டு பேர் ஜோடி சேர்ந்து ஆளுக்கொரு பாதி அடித்து, நடுவில் ரிவிட் போட்டு இணைப்பது. நானும் தையல்காரனும் ஜோடி.

என் பாதி உலையில் இருக்கும்போது, மலைப்பாதையில் பிரேக் போன பஸ்ஸை ஒற்றைக் கையால் நிறுத்திய கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உச்சகட்டத்தில் இரும்பிலிருந்து மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. இரும்பே கைதட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடித்து முடித்து, மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறு சனிக்கிழமை போனால், ரிவிட் போட்டு, எண்ணெய் தடவி, சுவரில் தொங்குகிறது. “நம்ம குறடு எப்படி?” என்றான் தையல்காரன். மூன்று வாரம் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். தெருவில் நான் காட்டாத ஆள் இல்லை. பல் டாக்டருக்கு வாயைத் திறந்தபடியே காட்டினேன்.

பிறகு புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் இரும்பைக் கருக்கிவிட்டு நின்றார். பட்டறையம்மா அவருக்கு ஆறுதல் சொன்னாள்: “விடுங்க சார், கண்டக்டர் சாரோடதும் இப்படித்தான் பொறி பறந்து கருகி, அவரு போனப்புறம் ஒரு தட்டுல ரெண்டாப் போச்சு. தையல்காரர்தான் ரெண்டு பாதியும் அடிச்சாரு.” சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுற்றிலும் பார்த்தேன். எட்டுப் பேர். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

குறட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். சுத்தியல் தடம் இரண்டு பாதியிலும் தையல் போட்டதுபோல் சீராக ஓடுகிறது. என் அடி அப்படி விழாது, எனக்கே தெரியும். எப்படித்தான் முதலிலேயே பார்க்காமல் போனேனோ.

ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “ஒண்ணையாவது முழுசா முடிச்சோம்னு நீ சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும்னுதான்டா” என்றான். ஒண்ணையாவதாம். மாப்பிள்ளை, அந்த வார்த்தையைக் கவனி.

வீட்டுக்கு வந்ததும் வேறொரு சந்தேகம் கிளம்பியது. என் பேண்ட் எல்லாம் அவன் தைத்தது. கல்யாணத்தில் இருந்த இடுப்பு இன்றைக்கும் முப்பத்திரண்டு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். உன் அத்தையின் டேப்பை எடுத்துச் சுற்றினேன். நாற்பதரை. பேண்ட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இடுப்பை அகலமாக்க ஒட்டுத்துணி மேல் ஒட்டுத்துணி. அத்தை சிரித்தாள். “உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா? ‘அதே முப்பத்திரண்டுதான் கண்டக்டரே’ன்னு அவர் சொல்லுவாரு, நீங்க நெஞ்சை நிமித்துவீங்க. நல்லாத்தான இருந்துச்சு?” என்றாள். ஆக, இவளும் கூட்டு.

நான் கதை விடுகிறவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் கதையில் எது நிஜம், எது சரடு என்பது எனக்குத் தெரிந்திருக்கும். இவர்கள் என்னை வைத்தே ஒரு கதை கட்டி, அதற்குள் என்னை முப்பது வருஷம் குடிவைத்துவிட்டார்கள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பில் உளி வைத்து அந்த ரிவிட்டை வெட்டினேன். இரண்டு பாதியையும் அவன் கையில் கொடுத்து, “ரெண்டும் உன்னோடதுதான், எடுத்துட்டுப் போ” என்றேன். அவன் அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். இரண்டு சனிக்கிழமையாக ஆள் வரவில்லை. நான் ஆணிக்கே திரும்பிவிட்டேன். இதுவரை ஒன்பது அடித்தேன், ஏழு கோணல். இந்தக் கணக்கில் சரடு இல்லை.

இனி உன் விஷயம். உன் புது வீட்டுக்கு ஒரு கொக்கி அடித்து அனுப்பினேன் அல்லவா? வாசல் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம், வருகிறவர்கள் எல்லாம் யார் செய்தது என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அத்தைக்கு நாலு தடவை படித்துக் காட்டினேன். இன்று காலையில் மறுபடி எடுத்துப் படித்தேன். முழுசாகப் படிக்க முடியவில்லை.

அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது, மாப்பிள்ளை? இழுப்பறையில் கிடந்தால் இழுப்பறை என்றே எழுது. தூக்கிப் போட்டிருந்தாலும் எழுது. உன்மேல் கோபப்பட மாட்டேன், இது சத்தியம்.

நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். பதில் ஒரு வரி போதும். பாராட்டு எதுவும் வேண்டாம்.

உன் மாமா