ஆட்டோவில் சுற்றும் குரல்

டில்லி

அன்புள்ள அம்மாவுக்கு, கோமளா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கொரோனா சமயத்தில், ‘காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இருங்கள்’ என்று மைக் ஆட்டோவுக்காகத் தமிழில் பேசிப் பதிவு செய்து கொடுத்தேனே, அந்த சுகாதாரத் துறைக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை டெங்குவுக்காக, ‘பயம் வேண்டாம், காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.’

ஆட்டோ எங்கள் தமிழ்க்காரர்கள் குடிசைப் பக்கம் வந்ததுமே செங்கம்மாள் அக்கா கதவைச் சாத்திவிட்டார். உள்ளே அவர் மகளுக்குக் காய்ச்சல். போய்த் தட்டினேன்.

“இந்தக் குரலை நம்பித்தானே கோமளா, கொரோனாவுல என் வீட்டுக்காரரை வீட்டுலயே வச்சிருந்து பறிகொடுத்தேன்” என்றார். திட்டக்கூட இல்லை. கதவும் திறக்கவில்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள். தொண்டைதான் கட்டியிருக்கிறது, யாராவது வந்தால் சுக்கு கொடுத்தனுப்புங்கள். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்க என்னாலேயே முடியவில்லை, அம்மா.

ஆட்டோ திரும்ப வருகிறது, முடிக்கிறேன்.

கோமளா